தெருவில் வண்டி வேகத்தைக் குறைக்க: மனு எழுதுவது முதல் வெள்ளைக் கோடு விழுவது வரை

எங்கள் தெரு கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிறது. நாற்பத்திரண்டு வீடு, ஒரு மளிகைக் கடை, ஒரு அங்கன்வாடி. மெயின் ரோட்டில் சிக்னல் வந்த பிறகு, அதில் நிற்கப் பொறுமை இல்லாத பனியன் கம்பெனி வேன்களும் நூல் மூட்டை ஏற்றிய டெம்போக்களும் எங்கள் தெருவைக் குறுக்கு வழியாகப் பிடித்துக்கொண்டன. அவற்றின் வேகத்தைக் குறைக்க நாங்கள் அலைந்தது பதினான்கு மாதம். அதில் எட்டு மாதம் வீண்.

வீணானதற்குக் காரணம் எங்கள் முதல் மனு. "வேகத்தடை அமைத்துத் தர வேண்டும்" என்று ஒரே வரி எழுதி, முப்பது கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம். எந்த இடத்தில், எத்தனை, யாருடைய வாசலில் என்று ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட மனுவுக்கு "பரிசீலிக்கப்படும்" என்று எழுதி மூடுவது எந்த அலுவலகத்துக்கும் சுலபம். அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரிந்து, அதற்கான தாளைக் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் கோப்பு நகரும். அந்தத் தாள்கள் எவை என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் பார்க்காமல் ஒரு மனுவும் எழுதாதீர்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சித் தெரு என்றால் அந்தந்த அலுவலகத்தின் பொறியியல் பிரிவு. கிராமம் என்றால் ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா என்று பார்க்க வேண்டும். ஊருக்கு நடுவே போகும் சாலையே ஆனாலும் அது நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். அப்போது கவுன்சிலரால் ஒன்றும் செய்ய முடியாது. கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாத தெரு என்றால் உதவிப் பொறியாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகப் போகும் 81ஆம் எண் சாலையானாலும், சேலம்–கொச்சி 544 ஆனாலும், அங்கே வேகத்தடை கேட்டு மெனக்கெடாதீர்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் இருப்பவற்றையே எடுத்துவிடச் சொல்லி மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அந்தச் சாலையில் வந்து சேரும் உங்கள் கிளைத் தெருவின் வாயில், பெரிய சாலையின் ஓரத்திலிருந்து சுமார் 5 மீட்டர் உள்ளே வேகத்தடை கேட்கலாம். விதிமுறை அதற்கு இடம் கொடுக்கிறது.

சைட் பிரித்து விற்ற நகர்களில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. லே-அவுட் போட்டவர் சாலைகளையும், பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய ரிசர்வ் சைட்டையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால், முப்பது வருடமாக நீங்கள் நடந்த தெருவாக இருந்தாலும் "தனியார் சாலை" என்று கோப்பைத் திருப்பிவிடுவார்கள். எங்கள் நகரில் மூன்று தெருவுக்குப் பத்திரம் இருந்தது, நான்காவதற்கு இல்லை. நல்ல வேளையாக எங்களுடையது மூன்றில் ஒன்று. டி.டி.சி.பி. என்ற நகர் ஊரமைப்பு இயக்ககம் அனுமதித்த வரைபடத்தின் நகலும் தானப் பத்திரத்தின் நகலும் நகரின் முதல் வீட்டுக்காரர் யாரிடமாவது பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள்.

2. நீங்களே சிமென்ட் கொட்டாதீர்கள்

நாங்கள் கொட்டினோம். மனு கொடுத்து ஐந்து மாதம் ஆகியும் ஒருவரும் எட்டிப் பார்க்காத ஆத்திரத்தில், வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் மீந்த கலவையை வாங்கி, ஒரு ராத்திரி ஒரு அடி அகலத்தில் அரை அடி உயரத்துக்குக் குறுக்கே ஒரு வரப்பு போட்டோம். காலை ஐந்து மணிக்குப் பால்காரர் வழக்கம்போல வந்தார். பெயிண்ட் இல்லை, விளக்கும் இல்லை. வண்டி ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம். பால் சாக்கடை வரை ஓடியது. அவருக்கு முழங்கையில் எலும்பு விரிசல். வைத்தியச் செலவைத் தெரு பங்கு போட்டுக் கொடுத்தது. அவர் போலீசுக்குப் போகாதது அவருடைய பெருந்தன்மை. போயிருந்தால் கொட்டியவர்கள் பெயர்தான் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாம் நாள் ஆட்கள் வந்து இடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் மனுவைப் பார்த்தாலே "ஓ, அந்தத் தெருவா?" என்றார்கள். வீணான எட்டு மாதத்தில் மூன்று மாதம் இந்த ஒரு ராத்திரியால் போனது.

3. வேகத்தை அளந்து எழுதுங்கள்

"பயங்கர வேகம்" என்பது மனுவில் ஒரு பைசா பெறாது. எண் வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. டேப் பிடித்துத் தெருவில் 50 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். வண்டி முதல் கோட்டைத் தொடும்போது ஒருவர் கையைத் தூக்க, இரண்டாவது கோட்டில் நிற்பவர் செல்போன் ஸ்டாப்வாட்சை அமுக்கி, வண்டி தன் கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். 180ஐ நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். ஆறு நொடி என்றால் 30 கி.மீ., ஐந்து என்றால் 36, நான்கு என்றால் 45.

கோட்டருகே நிற்பவர்கள் டிரைவர் கண்ணில் படக் கூடாது. நோட்டுப் புத்தகத்தோடு ஆளைப் பார்த்தால் எல்லோரும் உத்தமர்களாகிவிடுவார்கள். நாங்கள் ஒருவரை மளிகைக் கடைத் திண்ணையிலும், ஒருவரை வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டும் உட்கார வைத்தோம். வேலை நாளில் காலை 7.30 முதல் 9 வரை, மாலை பள்ளி விடும் நேரம், இரவு ஷிப்ட் வேன் வரும் நேரம் என்று மூன்று வேளை, இரண்டு நாள். நேரம், என்ன வண்டி, எத்தனை நொடி என்று மூன்றே பத்தி. எங்கள் கணக்கில் ஆச்சரியமாக வந்த செய்தி, மிக வேகமாகப் போனது வேன்கள் அல்ல. எங்கள் தெருப் பையன்களின் பைக்குகள். அதை மறைக்காமல் எழுதினோம். மறைத்திருந்தால், நேரில் பார்க்க வந்த பொறியாளர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பார்.

இந்த எண்களுக்குப் பக்கத்தில் ஒரு கணக்கையும் எழுதுங்கள். காய்ந்த ரோட்டில், கவனமாக ஓட்டுபவர் 30 கி.மீ. வேகத்தில் வந்தால், ஆளைப் பார்த்தது முதல் பிரேக் பிடித்து நிற்கும் வரை சுமார் 13 மீட்டர் வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் அது சுமார் 28 மீட்டர். அங்கன்வாடி வாசலுக்கும் வளைவுக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்று அளந்து இதன் கீழே எழுதிவிட்டால் விளக்கம் தேவைப்படாது.

விபத்து நடந்திருந்தால் எஃப்.ஐ.ஆர். நகல் அல்லது குறைந்தது, புகாரை வாங்கிக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வேண்டும். "பேசி முடித்துக்கொண்டோம்" என்ற விபத்து அரசுக் கணக்கில் நடக்காத விபத்து.

4. வேகத்தடை மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள்

ஐ.ஆர்.சி. 99 என்று, இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியாளர்கள் அமைப்பின் விதிமுறை ஒன்று உண்டு. அதன் முதல் பதிப்பு 1988இல் வந்தது, 2018இல் திருத்தினார்கள். வண்டிகள் 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்க வேண்டிய மேடு 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம் என்கிறது அது. நம் கணக்கில் பன்னிரண்டு அடி அகலம், நான்கு அங்குல உயரம். நம் தெருக்களில் ஸ்கூட்டரின் அடிவயிற்றைக் கிழிக்கும் ஒரு அடி வரப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வரிசையாகப் போடுவதென்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 100 முதல் 120 மீட்டர் இடைவெளி. மேட்டுக்கு 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, மேட்டின் மேல் பட்டைக் கோடு.

மனுவில் இந்த அளவை எழுதிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 198ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வகுத்த தரத்துக்கு மாறாகச் சாலையை வடிவமைத்தோ கட்டியோ உயிர்ச்சேதமோ உடல் ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இதைச் சொல்லி யாரையும் மிரட்ட வேண்டாம். ஆனால் மனுவில் அளவு எழுதியிருந்தால், ஒப்பந்ததாரர் கலவையை மிச்சப்படுத்தி வரப்பு கட்டிவிட்டுப் போவது கடினம்.

மேடு பிடிக்காத தெருக்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. முனையில் சாலை அகலமாக வளைந்து திரும்பினால் வண்டி வேகம் குறைக்காமலே உள்ளே வரும். அந்த வளைவை நடைபாதைக் கல் வைத்துக் குறுக்கினாலே பாதி வேலை முடிந்தது. வண்டி நிறுத்தும் இடத்தைக் கொஞ்ச தூரம் இடப் பக்கமும் பிறகு வலப் பக்கமும் மாற்றிக் கோடு போட்டால், நேர்க்கோட்டில் பறக்க முடியாது. பள்ளி வாசலில் நடந்து கடக்கும் இடத்தையே மேடாக்கலாம். சாலையைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கினால் வண்டி எப்படி அடங்கிப் போகிறது என்று பார்க்க, ஒரு மாலை கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் நடந்து பாருங்கள்.

கனரக வண்டி மட்டும்தான் தொல்லை என்றால் மேடே வேண்டாம். நேரக் கட்டுப்பாடு கேளுங்கள். கோவை, திருப்பூர், சேலம் போலப் போலீஸ் கமிஷனர் உள்ள மாநகரங்களில் அதற்கு அவருடைய அலுவலகம். மற்ற ஊர்களில் மாவட்ட ஆட்சியரும் எஸ்.பி.யும்.

5. யார் வாசலில் போடுவது?

பாதித் தெருக்கள் இங்கேதான் உடைகின்றன. வேகம் குறைய வேண்டும் என்பதில் நாற்பத்திரண்டு வீடும் ஒன்று. மேடு என் வாசலில் வேண்டாம் என்பதிலும் நாற்பத்திரண்டு வீடும் ஒன்று.

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேட்டில் ஏறும் ஒவ்வொரு வண்டியும் கியர் மாற்றும், ஹாரன் அடிக்கும், காலி லாரி என்றால் தடதடக்கும். நாங்கள் முதலில் குறித்த இடத்துக்கு எதிர்வீட்டுப் பாட்டி ஒரே வாக்கியத்தில் எங்களை நிறுத்தினார்: "கண்ணு, இப்போதே ராத்திரி வண்டி போனால் என் கட்டில் ஆடுகிறது, நீங்கள் மேடும் கட்டினால் நான் எங்கே போய்ப் படுப்பது?" அவர் வீட்டுச் சுவர் தெருவை ஒட்டியது, அஸ்திவாரம் பழையது. நாங்கள் இடத்தை முப்பது அடி தள்ளி, ஒரு காலி சைட்டின் முன்னால் கொண்டுபோனோம். பாட்டிதான் அடுத்த நாள் முதல் கையெழுத்துப் போட்டார்.

இடம் குறிக்கும்போது இவற்றைப் பாருங்கள்: யார் வீட்டு கேட்டுக்கும் நேராக வரக் கூடாது. மேன்ஹோல் மூடியோ குடிநீர் வால்வோ அடியில் இருக்கக் கூடாது. தெருவிளக்கு வெளிச்சம் விழ வேண்டும். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு மழை நாளில் நின்று பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் மேட்டின் மேல்பக்கம் குட்டை கட்டும். மாரியம்மன் பூச்சாட்டுக்குச் சப்பரம் அந்த வழி வருகிறதா என்று கோவில்காரர்களைக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. வேலையின் செலவு மதிப்பீடு தயாரான பிறகு அவர்கள் வந்து கேட்டார்கள், மறுபடி இடம் மாற்றினோம்.

இடம் முடிவானதும், அதற்கு இரு பக்கமும் உள்ள நான்கைந்து வீட்டுக்காரர்களிடம் தனியாக ஒரு சம்மதக் கடிதம் வாங்குங்கள். வாடகைக்கு இருப்பவர் கையெழுத்துப் போதாது. வீட்டு உரிமையாளர் வெளியூரில் இருந்தால் தபாலில் வரவழையுங்கள். தெருவே போடும் நூறு கையெழுத்தைவிட இந்த ஐந்து கனமானவை.

6. மனுக் கட்டு

ஒரு பக்க மனு. அதன் பின்னால், தெருவின் கைவரைபடம்: வீட்டு எண், மின்கம்பம், அங்கன்வாடி, நீங்கள் கேட்கும் இடம், தூரம் மீட்டரில். வேகக் கணக்குத் தாள். போலீஸ் தாள் இருந்தால் அதன் நகல். சம்மதக் கடிதங்கள். லே-அவுட், தானப் பத்திர நகல். காலை நேரத்தில் எடுத்த நான்கு போட்டோ. அந்தத் தெருவில் பள்ளியோ அங்கன்வாடியோ இருந்தால் அவர்களிடமிருந்து ஒரு கடிதம். அதன் மதிப்புத் தனி.

குடியிருப்போர் சங்கம் பதிவு பெற்றிருந்தால் அதன் தலைப்புத் தாளில் கொடுங்கள். இதற்காகவே புதிதாகச் சங்கம் பதிய வேண்டியதில்லை; ஆனால் பின்னால் பணம் கட்டும் திட்டத்துக்குப் போவதானால் சங்கமும் வங்கிக் கணக்கும் இருப்பது வசதி. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும்.

ஐந்து செட் நகல் எடுங்கள். எங்களுக்கு ஜெராக்ஸ், போட்டோ, பதிவுத் தபால் எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்க்குள் முடிந்தது.

7. எங்கே கொடுப்பது, எப்படி விடாமல் பிடிப்பது

முதல் செட் வார்டு கவுன்சிலருக்கு. அவரைத் தாண்டிப் போனால் பிறகு அவரிடமே திரும்பி வர வேண்டியிருக்கும். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது இதை எழுந்து சொல்லிக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். கிராமம் என்றால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானமாக நிறைவேறினால் வலு அதிகம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

இரண்டாவது செட் அலுவலகத் தபால் பிரிவில். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் எண்ணும் வாங்காமல் படி இறங்காதீர்கள். கோவை மாநகராட்சியில் செவ்வாய்க்கிழமை குறைதீர்ப்புக் கூட்டம் நடக்கிறது. அங்கே கொடுத்தால் அதிகாரி முன்னாலேயே பிரிவுக்கு ஒதுக்கி எழுதுவார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை. 1100க்குப் போன் செய்து 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவிலும் பதியலாம். ஆனால் முதல் மனுவையே அங்கே போடாதீர்கள். அது கடைசியில் அதே உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும். நேரில் பார்க்காமல் மேலே போய்விட்டார்கள் என்ற வருத்தமும் கூடவே வரும்.

மூன்றாவது செட் போக்குவரத்துப் போலீசுக்கு. "ஆட்சேபணை இல்லை" என்ற அவர்களின் கடிதத்தைக் கேட்டுத்தான் எங்கள் கோப்பு ஏழு வாரம் படுத்திருந்தது. நீங்கள் அதை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். நெடுஞ்சாலைத் துறைச் சாலையாக இருந்தால் நான்காவது செட் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு. அதன் தலைவர் ஆட்சியர். நெடுஞ்சாலை, போலீஸ், ஆர்.டி.ஓ. எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது.

ஐந்தாவது செட் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

நாற்பது நாள் ஆகியும் சத்தம் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டிய வெள்ளைத் தாள் போதும். "ஏன் போடவில்லை?" என்று கேட்காதீர்கள்; அதற்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தத் தேதியில், இந்த எண்ணில் கொடுத்த மனு இப்போது எந்த அலுவலர் மேசையில் இருக்கிறது, அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், தள ஆய்வு நடந்த தேதி என்று மூன்றே கேள்வி. 30 நாளில் பதில் வர வேண்டும். எங்களுக்கு இருபத்தெட்டாம் நாள் பதில் தபால் வந்தது. பொறியாளர் அதற்கு நான்கு நாள் முன்பே வந்துவிட்டார்.

8. பணம்

சாதாரணமாக இது உள்ளாட்சியின் செலவு. உங்களிடம் யாரும் பணம் கேட்கக் கூடாது. "நிதி இல்லை" என்று எழுத்தில் சொன்னால் நமக்கு நாமே திட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். உதாரணமாக மதிப்பீடு 90,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தெருவின் பங்கு 30,000. நாற்பது வீட்டுக்கு வீட்டுக்கு 750 ரூபாய். வெறும் இரண்டு மேட்டுக்கு இவ்வளவு மெனக்கெடுவது வீண். தெருவிளக்கு, கண்காணிப்புக் கேமரா என்று தெருவுக்கு வேண்டியவற்றோடு சேர்த்து ஒரே வேலையாகக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். உங்கள் வேலை திட்டத்தில் அடங்கும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த பிறகு மட்டும் வசூலை ஆரம்பியுங்கள். பணத்தை வங்கி வரைவோலையாக அலுவலகத்தின் பெயருக்கு மட்டும் கொடுங்கள். ஒப்பந்ததாரர் கையில் ரொக்கம் கொடுத்து "சீக்கிரம் முடித்துக்கொடுங்கள்" என்ற பேச்சே வேண்டாம்.

9. எந்த மாதத்தில்?

தார் வேலைக்கு மழை ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் வேலை நடக்காது என்று வைத்துக்கொண்டு, தைக்கு முன் மதிப்பீடு கையெழுத்தாகும்படி பின்னோக்கி எண்ணுங்கள். மார்ச் கடைசியில் அலுவலகம் பில் முடிப்பதில் மூழ்கியிருக்கும். தேர்தல் அறிவித்து நடத்தை விதி வந்துவிட்டால் புது வேலை ஒன்றும் தொடங்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய் என்று அடுத்த ஆறு மாதத்தில் யாராவது தெருவைத் தோண்டப் போகிறார்களா என்று கேளுங்கள். பக்கத்துத் தெருவில் மேடு போட்டுப் பத்தொன்பதாம் நாள் குழாய்க்காரர்கள் வந்து அதை நடுவில் பிளந்துவிட்டுப் போனார்கள்.

10. போடும் அன்று கூடவே நில்லுங்கள்

எங்களுக்கு இரவு பத்து மணிக்கு வந்தார்கள். இரண்டு பேர் நூலும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு நின்றோம். குறுக்கே நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் உயரம் பார்த்தால் பதினாறு சென்டிமீட்டர். மேஸ்திரியிடம் அண்ணா, கொஞ்சம் பாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லி, மனுவில் அளவு எழுதிய பக்கத்தைக் காட்டினோம். முணுமுணுத்தார், ஆனால் ரோலரைத் திரும்ப ஓட்டினார். தார் ஆறிய பிறகு காட்டியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

சாலை ஓரத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் போக இடைவெளி விடுவார்கள். அது அகலமாகிவிட்டால் எல்லா பைக்கும் அந்தச் சந்து வழியாக, நடப்பவர்களை உரசிக்கொண்டு போகும். ஒரு கை அகலம் போதும் என்று சொல்லுங்கள். பெயிண்ட் அடிக்க மறுநாள் வருகிறோம் என்பார்கள். அது வரும் வரை இரவில் மேட்டின் இரு பக்கமும் ஏதாவது பளிச்சென்று தெரியும்படி வையுங்கள்; நாங்கள் பெயிண்ட் டப்பாக்களில் சிவப்பு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி ஒன்பது இரவு வைத்தோம். எச்சரிக்கைப் பலகை வராமல் வேலை முடிந்ததாகக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து அதே சுண்ணாம்புக் கோட்டில், அதே நேரத்தில், அதே ஆட்கள் உட்கார்ந்து மறுபடி அளந்து, அந்தத் தாளையும் ஐந்தாவது செட்டில் சேர்த்து வையுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் புதுத் தார் போட அளவெடுக்க வருவார்கள். புதுத் தாரோடு மேடும் காணாமல் போய்விடும். அளவெடுக்க டேப் பிடிப்பவரிடம் அன்றைக்கே ஒரு நகலைக் கொடுத்து, புது மதிப்பீட்டில் மேட்டையும் கோட்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.